பிரசவ அறையில் இரு மாணவர்கள்: வாசகர் கேள்விகள்

மருத்துவ மாணவர்களும் மருத்துவச்சிப் பயிற்சியில் இருக்கும் தாதியரும் சேர்ந்து கற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு மகப்பேற்று மருத்துவரும் ஒரு மூத்த மருத்துவச்சியும் இணைந்து எழுதிய பதில்கள் இவை. இங்கே வரும் மருந்தளவுகள் பாடத்துக்கானவை. வேலையில் உங்கள் மருத்துவமனையின் விதிமுறை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

எங்கள் வகுப்பில் மூன்று விரிவுரைகளுக்கு மருத்துவச்சிப் பயிற்சித் தாதியரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். இதைத்தான் கூட்டுப் பயிற்சி என்கிறார்களா?
– மருத்துவ மாணவி, கிளமெண்டி

இல்லை. நீங்கள் பகிர்ந்துகொண்டது குளிர்சாதன வசதியை மட்டும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஒரு வரையறை உண்டு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. மூன்றும் சேர வேண்டும். விரிவுரை மண்டபத்தில் முதல் இரண்டுக்கு வழியே இல்லை.

சிங்கப்பூரில் இன்னொரு விஷயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே மருத்துவச்சியாகப் பயில வருபவர் பெரும்பாலும் ஏற்கெனவே சிங்கப்பூர் தாதிமை வாரியத்தில் பதிவுபெற்ற தாதி. வார்டில் வேலை பார்த்துவிட்டு, நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி நடத்துவது போன்ற மேல்நிலைப் பட்டயப் படிப்புக்கு வருகிறவர். உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நூற்றுக்கணக்கான ஊசி போட்டிருப்பார், இரத்தம் ஏற்றியிருப்பார், நள்ளிரவில் மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பியிருப்பார். உங்களுக்கோ மகப்பேற்றுப் பிரிவில் சில வாரங்கள்தாம் கிடைக்கும். நோய்க்கூறும் மருந்தியலும் உங்களுக்கு அதிகம் தெரியும், கைப்பழக்கம் அவருக்கு. ‘இருவருமே மாணவர்கள், சமம்’ என்று வைத்துப் பாடம் அமைத்தால் அவருக்குச் சலிக்கும், நீங்கள் கூச்சப்பட்டு ஒதுங்குவீர்கள். அவர் கற்றுக்கொடுக்கும் பாடம் இரண்டு, நீங்கள் கற்றுக்கொடுக்கும் பாடம் இரண்டு என்று முதல் நாளே பிரித்துக்கொள்வது நல்லது. வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் கிடப்பை அறிவது, பிரசவத்தின் இரண்டாம் கட்டத்தில் தாயோடு பேசுவது அவருடையவை. வலிப்பு கண்ட தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் ஏன், அது அளவு மீறினால் முழங்கால் அனிச்சை ஏன் முதலில் மறைகிறது என்பது உங்களுடையவை.

தேறுவதற்கு வேண்டிய பிரசவ எண்ணிக்கைக்காக ஏங்கிக் காத்திருக்கிறேன். ஒரு தாயோடு காலையிலிருந்து இருப்பேன். குழந்தை தலை தெரிகிற நேரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கையுறையோடு உள்ளே வருவார். ‘அவருக்கு இன்று கடைசி நாள், கொடுத்துவிடு’ என்பார்கள். கூட்டுப் பயிற்சி வந்தால் இது இன்னும் மோசமாகாதா?
– பயிற்சி மருத்துவச்சி, உட்லண்ட்ஸ்

உங்கள் கோபம் நியாயமானது. இதன் வேர் யாருடைய குணத்திலும் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர் பெற்ற தேக்காவுக்குப் பக்கத்து மருத்துவமனையில், 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று நிலையத்தில் ஓராண்டில் அதிகப் பிறப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. இன்று நாடு முழுவதும் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளைக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது. 2023-ல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 0.97. பிரசவம் குறைந்துவிட்டது, கற்க வருபவர்கள் அதே வேகத்தில் குறையவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதியில் மருத்துவச்சி மாணவி 40 பிரசவமாவது பார்க்க வேண்டும். தாய்மார் போதாவிட்டால் அதை 30-ஆகக் குறைத்துக்கொண்டு, கூடவே 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும் என்று விதியிலேயே ஒரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். தட்டுப்பாடு இங்கே மட்டும் இல்லை.

ஒரு பிரசவத்தை ஒரே ‘கேஸ்’ என்று எண்ணுவதால்தான் சண்டை வருகிறது. அதற்குள் பிரித்துக் கொடுக்க எவ்வளவோ வேலை இருக்கிறது. நாங்கள் சொல்லும் ஏற்பாடு இது. வலி தொடங்கியதிலிருந்து தாயோடு இருந்தவர் யாரோ, கை வைப்பது அவர். கடைசி நேரத்தில் நுழைந்தவர் யாராக இருந்தாலும் இரண்டாம் ஆள். மருத்துவ மாணவருக்குப் பிரசவம் வேண்டுமென்றால் அவரும் காலையில் வந்து அந்தத் தாயோடு உட்காரட்டும். பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் அறுவைச் சிகிச்சையின் தேவை குறைகிறது என்பதற்கு வலுவான ஆய்வுத் தொகுப்புகள் உண்டு. ஆக அப்படி உட்காருவது வெறும் காத்திருப்பு இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

இரண்டாம் ஆளுக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். தலை வெளிவந்த நேரத்தைச் சத்தமாகச் சொல்வது அவர். குழந்தை பிறந்ததும் கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போடுவது, குழந்தையைத் துடைப்பது, தொப்புள்கொடியை உடனே இறுக்காமல் ஒரு நிமிடமாவது காத்திருக்கும்படி கடிகாரம் பார்ப்பது, குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் எண்ணை 1-ஆம், 5-ஆம் நிமிடங்களில் போடுவது எல்லாம் அவர் வேலை. ஆப்காரைப் பிறகு யோசித்து எழுதினால் எல்லாக் குழந்தைக்கும் 9 தான் வரும். அந்தந்த நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லியே போட வேண்டும்.

யாரும் போட்டி போடாத, ஆனால் இருவருக்கும் மிக நல்ல பாடம் ஒன்று தட்டில் கிடக்கிறது: நஞ்சுக்கொடி. பல நாள் அதைப் பார்த்த வேகத்திலேயே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். முதலில் கொடியைப் பிடித்துத் தூக்குங்கள். சவ்வு ஒரு பை போலத் தொங்கும், அதில் குழந்தை வெளிவந்த ஓட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். விளிம்பு கந்தலாக இருந்தால் சவ்வுத் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். சவ்வு இரண்டு அடுக்கு. உள்ளடுக்கைக் கொடி வேர்விடும் இடம் வரை உரித்துப் பார்க்கலாம், வெளியடுக்கு நஞ்சின் விளிம்போடு ஒட்டியிருக்கும். பிறகு கவிழ்த்து, கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கத்தை மேலே வைத்து, இரத்தக் கட்டியைத் துடைத்து, இரு கையாலும் கிண்ணம் போலக் குவியுங்கள். மடல்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாமல் பள்ளம் தெரிந்தால் ஒரு மடல் குறைகிறது. அடுத்தது பலரும் விடும் இடம். விளிம்பைச் சுற்றி வாருங்கள். ஓர் இரத்தக்குழாய் விளிம்பைத் தாண்டிச் சவ்வுக்குள் ஓடி அங்கே அறுந்து நின்றால், அந்தக் குழாயின் மறுமுனையில் தனி மடல் ஒன்று இருந்திருக்கிறது, அது இன்னும் தாயின் வயிற்றில்தான் இருக்கிறது. கடைசியாகக் கொடியின் வெட்டுமுனை: விரிந்த வாயுடன் ஒரு சிரை, புள்ளி போல இரண்டு தமனி. ஒருவர் பார்த்துச் சொல்லட்டும், மற்றவர் மறுபடி பார்த்து ஒப்பட்டும், இருவரும் கையெழுத்திடட்டும்.

ஆறு மாணவர்கள், ஒரு மணி நேரம், ஓர் இடுப்புப் பொம்மை. தோள் சிக்கிய பிரசவத்தை எப்படிப் பயிற்றுவிப்பது? போன முறை எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி, பொம்மையின் கழுத்தே கழன்றுவிட்டது.
– மருத்துவக் கல்வியாளர், நொவீனா

கழுத்து கழன்றதே நல்ல பாடம். அதை எறியாமல் அடுத்த வகுப்பில் மேசை மேல் வையுங்கள்.

யோனிவழிப் பிரசவம் ஆயிரத்தில் சுமார் ஆறு ஏழில்தான் தோள் சிக்குகிறது. 40 பிரசவம் பார்த்த மாணவிகூட ஒன்றையும் காணாமல் தேறிவிடலாம். அதனால் பொம்மையை விட்டால் வழியில்லை. மூன்று மருத்துவ மாணவர், மூன்று பயிற்சி மருத்துவச்சி என்றால் வேலையை இப்படிப் பிரியுங்கள்: ஒருவர் குழந்தையிடம், இருவர் கால்களில், ஒருவர் அடிவயிற்றில், ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் இடுப்புப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தாயாகக் கட்டிலில். உள்ளிருந்து குழந்தைப் பொம்மையைப் பிடித்து வைப்பது ஆசிரியர் வேலை. முதல் சுற்றில் குழந்தையிடம் இருப்பவர் பயிற்சி மருத்துவச்சியாக இருக்கட்டும், தாயாகப் படுப்பவர் மருத்துவ மாணவராக இருக்கட்டும். நாலு பேர் தலைக்கு மேல் கத்துவது கட்டிலில் படுத்தவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதை வேறு எப்படியும் கற்பிக்க முடியாது.

தலை வெளிவந்து, ஆமை தலையை இழுப்பதுபோல மோவாய் திரும்ப உள்ளே ஒட்டிக்கொள்கிறது. இயல்பான இழுப்புக்குத் தோள் வரவில்லை. அங்கே இரண்டு சொல் கேட்க வேண்டும்: ‘தோள் சிக்கிவிட்டது.’ ‘கொஞ்சம் உதவி’, ‘யாராவது வாங்க’ என்பதெல்லாம் கணக்கில் வராது. சொல்லும்போதே உதவி மணி, தலை வந்த நேரம். தாயை முக்க வேண்டாம் என்று சொல்லி, தலையணையை உருவி, மல்லாக்கப் படுக்கவைத்து, பிட்டத்தைக் கட்டில் விளிம்புக்கு இழுக்க வேண்டும்.

பிறகு மெக்ராபர்ட்ஸ் நிலை: இரு தொடையையும் வயிற்றை நோக்கி மடக்குவது. புதியவர்கள் காலைப் பக்கவாட்டில் விரிக்கிறார்கள். அது இடுப்பெலும்பின் கோணத்தை மாற்றாது. தொடை வயிற்றில் படிய வேண்டும், அதுதான் அளவு. இந்த நிலையில் சாதாரணப் பிரசவத்தில் இழுக்கும் அதே விசையில், முதுகெலும்பின் நேர்கோட்டில் ஒரு முறை இழுத்துப் பார்க்கலாம். தலையைக் கீழே வளைத்து இழுப்பதுதான் கழுத்து நரம்புப் பின்னலைக் கிழிக்கிறது. உங்கள் பொம்மைக்கு நடந்ததும் அதுதான்.

வரவில்லையென்றால் அடிவயிற்றில், பூப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்தம். இங்கே இரண்டு பிழை திரும்பத் திரும்ப வரும். ஒன்று, அழுத்துபவர் தரையில் நின்று கை நீட்டி அழுத்துவது. கட்டில் உயரத்துக்கு அவர் உடல் எடை இறங்கவே இறங்காது. காலடியில் ஒரு மணைப்பலகை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு, எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் நடுவில் குத்துவது. குழந்தையின் முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால், கீழும் குறுக்குமாக, 30 விநாடி அழுத்த வேண்டும். முதுகு எந்தப் பக்கம் என்பது காலையிலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்த பயிற்சி மருத்துவச்சிக்குத் தெரியும். அவர் அதைச் சொல்ல வேண்டும், மருத்துவ மாணவர் அதைக் கேட்க வேண்டும். ‘இடது’ என்றால் யாருடைய இடது? ‘தாயின் இடது’ என்று முழுதாகச் சொல்லிப் பழக்குங்கள். கருப்பையின் மேல் முகட்டை யாரும் தொடக்கூடாது. அங்கே அழுத்தினால் தோள் எலும்பில் இன்னும் இறுகும், கருப்பை கிழியவும் கூடும்.

அதுவும் தோற்றால் கை உள்ளே போக வேண்டும். மாணவர்கள் இரண்டு விரலை முன்பக்கமாக நுழைத்துவிட்டு இடமில்லை என்பார்கள். முன்னால் எலும்பு, இடம் இருக்காது. பின்பக்கம் வளைவில் இடம் இருக்கிறது. இறுக்கமான வளையல் போடக் கையைக் குவிப்போமே, அப்படிக் கட்டைவிரலையும் மடக்கி, முழுக் கையையும் பின்பக்கமாக விட வேண்டும். உள்ளே போனதும் இரண்டு வழி. பின்தோளின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, மார்பின் குறுக்கே கொண்டுவந்து கையை வெளியே எடுக்கலாம், அல்லது தோளைத் தள்ளிச் சாய்கோணத்துக்குத் திருப்பலாம். எது முதலில் என்று சட்டம் இல்லை, எது கைக்கு எட்டுகிறதோ அது. தாயால் முடிந்தால் நான்கு கால் நிலைக்குத் திரும்புவதும் உண்டு. யோனி வாயில் போடும் வெட்டு (எபிசியோடமி) கைக்குத்தான் இடம் தரும். சிக்கியிருப்பது எலும்பில், சதையில் இல்லை.

குறிப்பெடுப்பவர் பெரும்பாலும் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அவருக்கு நான்கு கட்டாயம்: தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், ஒவ்வொரு முயற்சியும் எப்போது, முன்னால் இருந்தது எந்தத் தோள். கடைசியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். பிறகு குழந்தையின் கை அசையவில்லையென்றால் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். அவர் ஒவ்வொரு 30 விநாடிக்கும் நேரத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் உடல் வந்துவிட்டால் மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்து சேதமாகும் ஆபத்து மிகக் குறைவு. இதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாதி கழுத்திழுப்பு நின்றுவிடும்.

நேரம்: 10 நிமிடம் அறிமுகம், 8 நிமிடம் பயிற்சி, 15 நிமிடம் பேச்சு, பாத்திரம் மாற்றி மறுபடி 8 நிமிடம், மறுபடி 10 நிமிடம் பேச்சு. பேச்சைத் தாயாகப் படுத்தவரிடமிருந்து தொடங்குங்கள். நேரம் போதாவிட்டால் அறிமுகத்தைச் சுருக்கலாம், இரண்டாம் சுற்றை விடக்கூடாது.

இவ்வளவு மெனக்கெட்டுப் பயன் உண்டா? ஆதாரம் இருக்கிறதா?
– வாசகர், பாசிர் ரிஸ்

உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் மருத்துவமனை 2000-ல் மருத்துவர், மருத்துவச்சி எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பயிற்சி தொடங்கியது. தோள் சிக்கிய பிரசவங்களில் காயத்தோடு பிறந்த குழந்தைகள் பயிற்சிக்கு முன் 9.3 விழுக்காடு, பின் 2.3 விழுக்காடு என்று 2008-ல் முடிவு வெளியானது. ஆனால் பயிற்சி கொடுத்த இடமெல்லாம் இதே பலனைக் காணவில்லை. பிரிஸ்டலில் தங்கள் பிரசவ அறையிலேயே, தங்கள் கருவிகளோடு, ஒட்டுமொத்தக் குழுவும் ஆண்டுதோறும் செய்தார்கள். ஆர்வமுள்ள நாலு பேரை வெளியூர் வகுப்புக்கு அனுப்புவது வேறு சங்கதி.

இரத்தப் போக்கை ‘சுமார் 300’ என்று எழுதினேன். எடை போட்டால் 900. மருத்துவ மாணவ நண்பர் 250 என்றார். ஏன் இவ்வளவு தப்பு? இதற்குப் பயிற்சி உண்டா?
– பயிற்சி மருத்துவச்சி, ஜூரோங் வெஸ்ட்

கண்ணால் மதிப்பிட்டால் எல்லாரும் குறைத்தே சொல்வார்கள். போக்கு அதிகமாக அதிகமாகப் பிழையும் பெருகும். பல ஆண்டு அனுபவமும் இதைத் திருத்துவதில்லை. இது இரு துறைக்கும் பொதுவான குறை, ஆகவே கூட்டுப் பயிற்சிக்குத் தோதான பாடம். ஒருவருக்கொருவர் முன் முகம் சிவக்கலாம், தாய்க்கு ஆபத்தில்லை.

போலி இரத்தத்துக்கு ரோஸ் சிரப் வேண்டாம். பாண்டோங் போடும் அந்தச் சிரப்பைச் சிலர் ஊற்றுகிறார்கள். பிசுபிசுக்கும், மறுநாள் பயிற்சி அறை முழுக்க எறும்பு. தண்ணீரில் சிவப்பு உணவுச் சாயம் கலந்து, சர்க்கரையில்லாத கோப்பி-ஓ சிறிது சேர்த்தால் பளபளப்பு அடங்கி நிறம் சரியாகும். ஒரு வெள்ளைத் துணியில் சொட்டு விட்டுப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். இரத்தக் கட்டிக்கு அதே கலவையில் அகார் அகார் காய்ச்சி ஆறவைத்துக் கையால் பிசைந்துகொள்ளலாம். சாயம் போகாது, பழைய துணியும் வீசக்கூடிய விரிப்பும்தான் பயன்படுத்த வேண்டும்.

அறையில் ஆறு இடம் வையுங்கள். முழுக்க நனைந்த 10 சென்டிமீட்டர் காஸ் துண்டு ஒன்று 60 மில்லி பிடிக்கும். 45 சென்டிமீட்டர் பெரிய துணி 350 மில்லி. நனைந்த பிரசவப் பேட் 100 மில்லி. நிறைந்த கிட்னி டிஷ் 500 மில்லி. தரையில் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் 500 மில்லி, 75 சென்டிமீட்டர் என்றால் 1,000, ஒரு மீட்டர் என்றால் 1,500. கட்டில் விரிப்பைத் தாண்டித் தரையில் சொட்டிவிட்டதென்றால் ஒரு லிட்டரைத் தாண்டியிருக்கும் என்றே கொள்ளுங்கள். முதலில் தனித்தனியாக எழுதட்டும், பிறகு ஒரு மருத்துவ மாணவரும் ஒரு பயிற்சி மருத்துவச்சியும் கூடிப் பேசி ஓர் எண்ணுக்கு வரட்டும், அப்புறம் தராசு. பேசி வந்த எண் பல சமயம் தனித்தனி எண்களைவிட மோசமாக இருக்கும், ஏனென்றால் தயங்கியவர் உரக்கச் சொன்னவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். அதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

வார்டில் எடை போடும் முறை எளிது: நனைந்த துணியின் எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மில்லி. உலர்ந்த எடைகளைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்காவிட்டால் நள்ளிரவில் யாரும் தேடமாட்டார்கள். பனிக்குட நீர் கலந்தால் கணக்கு ஏறும், அதனால் குழந்தை பிறந்ததும் அடியிலிருக்கும் விரிப்பை மாற்றிவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்குங்கள். அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அத்தகைய விரிப்போடு உடனடிச் சிகிச்சைகளை ஒரு கட்டாகச் சேர்த்துக் கொடுத்தபோது கடும் இரத்தப் போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன.

நீங்கள் எழுதிய 300-க்கும் தராசு காட்டிய 900-க்கும் நடுவில் 500 என்ற கோடு இருக்கிறது. யோனிவழிப் பிரசவத்தில் அதைத் தாண்டினால் சிகிச்சை தொடங்க வேண்டும். 300 என்று எழுதியிருந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். இளம் தாயின் இரத்த அழுத்தம் கடைசிவரை சரியாகவே காட்டும், நாடிதான் முதலில் ஏறும்.

மருந்துக்கு வந்தால் அங்கேதான் இரு துறையும் உண்மையில் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன. கருப்பையை இறுக்கும் மருந்துகளில் எர்கோமெட்ரின் உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஆகாது. கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. இரத்தம் உறைந்தது கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம், 10 நிமிடத்தில் மெதுவாகச் சிரையில், பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள். மருந்தை எழுதுபவர் மருத்துவர், ஆனால் காலையில் சேர்க்கையின்போது ‘மூச்சிரைப்பு உண்டா?’ என்று கேட்டவர் மருத்துவச்சி. பயிற்சியில் அந்தத் தகவலை மருத்துவச்சி வேடம் போடுபவரிடம் மட்டும் ரகசியமாகக் கொடுத்து வையுங்கள். அவர் தானாகச் சொல்கிறாரா, மருத்துவ மாணவர் கேட்கிறாரா என்று பாருங்கள். முதல் சுற்றில் பெரும்பாலும் இரண்டும் நடக்காது.

மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் பாதியில் ‘சரி, என்ன வேணும்?’ என்கிறார்கள். எனக்குத் திக்குகிறது.
– தாதி, ஈசூன்

வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். எஸ்பார் (SBAR) என்ற நாற்படி வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது: நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, கோரிக்கை. நாங்கள் கோரிக்கையை முதலிலும் கடைசியிலும் வைக்கச் சொல்கிறோம். எடுத்துக்காட்டாக:

‘பிரசவ அறை மூன்று. உடனே வாங்க. இரத்தப் போக்கு 800, நிற்கவில்லை. முதல் பிரசவம், பிறந்து 20 நிமிடம், நஞ்சு முழுதாக வந்துவிட்டது, ஆக்ஸிடோசின் 10 போட்டாச்சு. ஆஸ்துமா உண்டு. நாடி 118, அழுத்தம் 100/60. கருப்பை தொளதொளவென்று இருக்கிறது, இறுகவில்லை என்று நினைக்கிறேன். எர்கோமெட்ரின் எடுத்து வைக்கிறேன், நீங்கள் வாங்க.’

இருபது விநாடிதான் ஆகும். ‘என்று நினைக்கிறேன்’ என்ற மூன்றாம் படியைத் தாதியர் பலரும் விழுங்கிவிடுகிறார்கள், கணிப்பது மருத்துவர் வேலை என்று. எதிர்முனையில் இருப்பவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். பயிற்சியில் மருத்துவ மாணவரைக் கூப்பிடுபவராகவும், தாதியைக் கேட்பவராகவும் மாற்றி வையுங்கள். கேட்டவர் எண்களைத் திருப்பிச் சொல்லாமல் தொலைபேசியை வைத்தால் அந்தச் சுற்று செல்லாது.

மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். மாணவர்கள் அறையில் இருக்க வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஒருவர் பார்த்துவிட்டுப் போனதும் இன்னொருவர் வந்து உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களோ என்று பயப்படுகிறார்.
– கணவர், தோ பாயோ

சொல்லலாம், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே. சிகிச்சை குறையக் கூடாது. ஒரு மாணவருக்கு மட்டும் சரி, இரண்டு பேர் வேண்டாம் என்றும் சொல்லலாம். மாணவர் தன் பெயரையும் எந்தப் படிப்பு என்பதையும் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். உட்பரிசோதனை தேவைக்குத்தான். இயல்பாகப் போகும் பிரசவத்தில் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு பரிசோதனையும் கிருமித் தொற்றுக்கு வழி. படிப்பதற்காக மட்டும் இரண்டாவது கை போகக் கூடாது. ஒரு மாணவர் பார்ப்பதானால் அவரைத் தொடர்ந்து சரிபார்க்கப் போகிறவர் யார் என்பதையும் முன்பே மனைவியிடம் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று மற்ற மாணவர் கற்க மர அச்சும் பிளாஸ்டிக் வளையமும் போதும்.

வீட்டில் தமிழ் பேசுவேன். ஆனால் பிரசவ அறையில் ஒரு தமிழ்த் தாய் வந்தால் வாய் அடைத்துவிடுகிறது. கூட வந்த பயிற்சித் தாதி சீனர், அவரும் என் வாயைத்தான் பார்க்கிறார்.
– மருத்துவ மாணவர், புவாங்கோக்

பத்துச் சொல் போதும். அவற்றை உங்கள் சக மாணவிக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் வெளியே போன நேரம் பார்த்துத்தான் குழந்தை வரும்.

‘வலி விட்டு விட்டு வருதா, ஒரேயடியா இருக்கா?’ இந்த ஒரு கேள்வியில் பாதி நோயறிதல் முடிந்துவிடும். விட்டு விட்டு வருவது பிரசவ வலி. விடாமல் கல் மாதிரி இறுகி இருப்பது நஞ்சு முன்கூட்டியே பிரிவதாக இருக்கலாம், அப்போது உடனே ஆளைக் கூப்பிடுங்கள். தாயோ கூட வந்த பாட்டியோ ‘சூட்டு வலிதான்’ என்றால் இது உண்மையான பிரசவ வலி இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை. ‘பனிக்குடம் உடைஞ்சிருச்சா? தண்ணி என்ன நிறம்?’ ‘குழந்தை அசையுறது தெரியுதா?’

ஆங்கிலத்தில் ‘புஷ்’ என்பதைப் பலர் ‘தள்ளுங்க’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அப்படிச் சொன்னால் தாய் கட்டில் கம்பியைத் தள்ளுவார், அல்லது உங்களை. சொல்ல வேண்டியது ‘முக்குங்க’. வலி வரும்போது ‘மூச்சைப் பிடிச்சு, கீழ்நோக்கி, முக்குங்க’. தலை வரும் நேரத்தில் அதை நிறுத்த ‘முக்காதீங்க, வாயால ஊதுங்க, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி’. இந்த இரண்டை உங்கள் சீனத் தோழி சரியான தொனியில் சொல்லும் வரை மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு ‘க்கு’ தடிமனாக வராது, ‘முகுங்க’ என்பார். பரவாயில்லை, தாய்க்குப் புரியும்.